பிஸ்டன் மேலே பிடித்தது, பழுது கீழே இருந்தது: வெள்ளத்தில் நின்ற ஓர் ஆர்எக்ஸ் 100 எஞ்சின்

யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியில் பிஸ்டன் பிடிப்பது, அதாவது சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடுவது, அரிய நிகழ்வு அன்று. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட இந்த வண்டியின் எஞ்சின், 50 மி.மீ. துளையும் 50 மி.மீ. ஓட்டமும் கொண்ட, காற்றால் குளிரும் 98 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தருவது. பிஸ்டன் பிடித்தால், பிஸ்டன் ஓடும் துளையுள்ள பிளாக்கைக் கழற்றி, லேத் பட்டறையில் அந்தத் துளையைக் கால் மி.மீ. கூட்டிக் கடைந்து (‘போர்’ போட்டு), அதற்கேற்ப அளவு கூடிய ஓவர்சைஸ் பிஸ்டனையும் ரிங்கையும் ஏற்றி மூடிவிடுவது ஊரறிந்த வைத்தியம். பெரும்பாலான வண்டிகளுக்கு அது போதுமானதாகவும் இருக்கிறது. இங்கே ஆராயப்படும் எஞ்சினுக்கு அந்த வைத்தியம் இருமுறை நடந்தும் பலிக்கவில்லை. ஆகவே எஞ்சினை வீட்டிலேயே முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையைக் கையில் எடுத்தபோது, எதை மாற்றுவது என்பதைக் காட்டிலும் முன்பு மாற்றியவை ஏன் நிலைக்கவில்லை என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

வண்டி என் மைத்துனருடையது. நிற்கும் இடம் சென்னை வேளச்சேரி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில், அந்தப் பகுதியின் மற்ற வண்டிகளைப் போலவே இதுவும் இருக்கைவரை நீரில் நின்றது. நீர் வடிந்தபின் ஒரு பட்டறையில் கார்பரேட்டரைச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோல் தொட்டியைக் கழுவினார்கள். பால் நிறத்தில் திரிந்திருந்த கியர் ஆயிலை, தெளிந்த நிறம் வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். வண்டி ஓடியது. சில மாதங்கள் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே வேகத்தில் சற்று நேரம் ஓடிய நிலையில் பிஸ்டன் பிடித்தது. 0.25 போர் போடப்பட்டது. புதிய பாகங்கள் பதமாகும்வரை நிதானமாக ஓட்டும் ரன்னிங் இன் முடிந்து வேகம் எடுத்ததும் மீண்டும் பிடித்தது. 0.50 போர் போடப்பட்டு, இம்முறை முன்னெச்சரிக்கையாகப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலின் அளவும் கூட்டப்பட்டது. மூன்றாவதாகப் பிடித்தபோது எஞ்சின் முழுவதுமாக இறுகவில்லை. ஆறியதும் கிக்கர் இறங்கியது, வண்டியும் கிளம்பியது. அந்த நிலையில்தான் எஞ்சின் ஆய்வுக்கு வந்தது.

பிடித்த எஞ்சின் மறுபடி ஓடும் நிலையில் கிடைத்தது ஒரு வாய்ப்பு. பிரித்துவிட்டால் சில அறிகுறிகளைப் பிறகு எந்த விதத்திலும் பார்க்க முடியாது. நின்ற இடத்தில் எஞ்சினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டபோது, சுற்று உடனே இறங்காமல் சற்று நேரம் மேலேயே நின்று, பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது. ஐடில் ஸ்குரூவை எப்படித் திருப்பினாலும் ஐடில் ஒரு நிலையில் நிற்கவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அணையும், சூடேறியதும் தானாக ஏறும். பிளக்கின் மூக்கு, ஆயில் தாராளமாகக் கலந்து ஓடும் எஞ்சினில் இருக்க வேண்டிய பழுப்பு நிறமின்றி, சாம்பல் படிந்த வெள்ளையாக இருந்தது. மூன்றும் ஒரே திசையைக் காட்டின: எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்திருக்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட் அடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால் அதைக் கழற்றி, ஜெட்களை ஊதிப் பார்த்து, மிதவையின் உயரத்தைச் சரிபார்த்து மாட்டினோம். அறிகுறிகள் மாறவில்லை. அப்படியானால் கார்பரேட்டர் வழியாக வராத காற்று வேறு எங்கிருந்தோ வருகிறது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அடிப்பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் சுழலும் அறை ஆயிலுக்கான இடம். அங்கே சிறு கசிவு இருந்தால் தரையில் ஆயில் சொட்டும், அவ்வளவே. டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறை கொல்லன் உலைத் துருத்தியைப் போன்றது. பிஸ்டன் மேலேறும்போது கீழே அழுத்தம் குறைந்து, உள்நோக்கி மட்டுமே திறக்கும் ரீட் வால்வு திறந்து, கார்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுப் பாதைகள் வழியாகப் பிஸ்டனுக்கு மேலே தள்ளப்படுகிறது. இந்த அறையை மூடி வைப்பவை கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள். வலப்பக்கச் சீலுக்கு அப்பால் கிளட்ச்சும் கியர் ஆயிலும் இருப்பதால், அது கெட்டால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் அடர்ந்த வெண்புகை வரும். ஆயில் மட்டமும் இறங்கும். யாரும் கவனிக்காமல் விட முடியாது. இடப்பக்கச் சீலுக்கு அப்பால் இருப்பது, பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டு. அங்கே வெறும் காற்றுதான். அது கெட்டால் புகை வராது, எதுவும் சொட்டாது, ஆயில் குறையாது. பெட்ரோலும் ஆயிலும் சேராத காற்று ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே நுழையும், கலவை மெலியும், எரிப்பின் வெப்பம் ஏறும், பிஸ்டன் விரியும், கடைசியில் பிடிக்கும்.

இந்த எஞ்சினில் வெண்புகையும் இல்லை, ஆயில் மட்டமும் இறங்கவில்லை. எனவே இடப்பக்கச் சீலின்மீது ஐயம் எழுந்தது. ஆனால் பட்டறை இரண்டாம் முறை போர் போட்டபோது அந்தச் சீலையும் மாற்றியிருந்ததாக மைத்துனர் சொன்னார். மேக்னெட்டு மூடியைக் கழற்றி விளிம்பை எட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்றே தெரிந்தது; சீலின் ரப்பர் பளபளப்பாகவும் புதிதாகவும் இருந்தது. இந்த இடத்தில் பலரும் ஐயத்தைக் கைவிட்டு, ஜெட் பக்கமோ சைலன்சர் பக்கமோ திரும்பிவிடுவார்கள். புதிய சீல் என்பது கசியாத சீல் என்று பொருளல்ல. அதை அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்கும் முறை எளியது. அதற்கு வேண்டிய கருவியும் பல வீடுகளில் கிடப்பதுதான். கைக்குமிழும் முள் காட்டும் வட்டமும் உள்ள பழைய இரத்த அழுத்தக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதன் உச்ச அளவான 300 மி.மீ. பாதரசம் ஏறத்தாழ 0.4 பார், அதாவது 6 பி.எஸ்.ஐ.க்குச் சற்றே குறைவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கசிவுச் சோதனைக்குத் தேவையான அழுத்தமும் ஏறக்குறைய அதுவே. அதற்கு மேல் கொடுத்தால் நல்ல சீலே தன் இடத்தை விட்டு வெளியே வந்துவிடக்கூடும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்பு உடலில் சிறு குழாயைப் பதித்து, கருவியின் ரப்பர் குழாயை அதில் செருகினோம். கார்பரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, இரண்டு வாய்களையும் கனத்த ரப்பர் துண்டும் தகடும் வைத்து இறுக்கி மூடினோம். இந்த வண்டியில் ஆயில் பம்ப்பை முன்பே எடுத்துவிட்டு அதன் வழியை அடைத்திருந்ததால், அந்த அடைப்பும் சரிபார்க்கப்பட்டது. பிஸ்டனை அடியில் நிறுத்தினால் மேலறையும் கிராங்க் அறையும் ஒன்றோடொன்று திறந்திருக்கும். ஒரே முறை காற்றடித்து இரண்டையும் சோதிக்கலாம்.

நல்ல எஞ்சினில் முள் ஒரு நிமிடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 50 மி.மீ. இறங்கினால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். இங்கே குமிழியிலிருந்து கையை எடுத்த உடனேயே முள் இறங்கத் தொடங்கி, கண்ணெதிரே பூச்சியத்தை நெருங்கியது. சோப்பு நீரைத் தூரிகையால் தொட்டு ஹெட்டின் ஓரம், பிளாக்கின் அடி, ரீட் வால்வு பொருந்தும் முகம் என்று வரிசையாகப் பூசியபோது எங்கும் குமிழ் எழவில்லை. கியர் ஆயில் ஊற்றும் வாயின்மேல் சோப்புப் படலத்தை இழுத்துவிட்டுப் பார்த்ததில் அந்தப் படலமும் உப்பவில்லை. எனவே வலப்பக்கச் சீலில் குறையில்லை. மேக்னெட்டை, இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் போட்டுக் கழற்றி, இடப்பக்கச் சீலின் விளிம்பில் சோப்பு நீரைப் பூசியதும், தண்டுக்கு மேற்பக்கத்தில் பிறை வடிவில் நுரை கிளம்பியது.

அடுத்து நடந்ததே இந்த ஆய்வின் மையம். காற்றழுத்தம் இருக்கும்போதே கிராங்க் தண்டின் முனையை விரலால் பற்றி மேல்நோக்கித் தூக்கியதும் நுரை நின்றது. முள்ளின் இறக்கமும் தணிந்தது. விட்டதும் நுரை மீண்டும் வந்தது. தண்டை விரலால் அசைத்தால் கசிவு கூடிக் குறைகிறது என்றால், குறை சீலில் மட்டும் இல்லை. தண்டு தன் மையத்தில் நிற்கவில்லை. நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை நிறுத்தி அளந்தபோது, மேலும் கீழுமாகத் தண்டு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக ஆடியது. நல்ல கிராங்க் பேரிங்கில் அத்தகைய ஆட்டத்தைக் கையால் உணரவே முடியாது. சீலின் ரப்பர் உதடு சிறு ஆட்டத்தைத் தாங்கும் தன்மை உடையதுதான்; ஆனால் நிமிடத்துக்கு ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றில் தண்டு வட்டமிட்டு ஆடும்போது உதடு அதைத் தொடர முடியாது. புதிய சீலைப் போட்டும் பயனில்லாமல் போனதற்கான விளக்கம் இங்கே கிடைத்தது. மேல்பாகத்தை மட்டும் சரிசெய்து மூடும் யோசனையும் இத்துடன் முடிந்தது.

எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றியபோது பிஸ்டன் தன் பங்குக்குச் சாட்சி சொன்னது. பிடித்த பிஸ்டனைப் பட்டறையில் பெரும்பாலும் பழைய இரும்போடு வீசிவிடுகிறார்கள்; அது தவறு என்பது என் கருத்து. தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பாதி ஊகித்துவிடலாம். கார்பரேட்டர் பக்கம் மட்டும் உரசியிருந்தால் ஆயில் பற்றாக்குறையை நினைக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரிக் கோடுகள் இருந்தால், எஞ்சின் சூடேறும் முன் முறுக்கியிருக்கிறார்கள் அல்லது போரின் இடைவெளி குறைவு. பிஸ்டன் தலை நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் பற்றவைக்கும் நேரத்தையும் பிளக்கின் வெப்ப வகையையும் பார்க்க வேண்டும். இந்தப் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் முழுவதும் அலுமினியம் இழுபட்டு, ரிங்கின் மேல் பூசப்பட்டதுபோல் படிந்திருந்தது. கார்பரேட்டர் பக்கம் தொழிற்சாலைக் கோடுகள்கூட அழியாமல் இருந்தன. ஆயில் பற்றாக்குறை இல்லை, மெலிந்த கலவையின் வெப்பமே காரணம் என்று அது தெளிவாக்கியது. தலையில் 0.50 என்ற குறி, போர் போட்ட வரலாற்றை உறுதி செய்தது.

இங்கே கூட்டி ஊற்றிய ஆயிலைப் பற்றி ஒரு சொல். பிஸ்டன் பிடித்தால் ஆயிலைக் கூட்டு என்பது டூ ஸ்ட்ரோக் ஓட்டுபவர்களிடையே வேரூன்றிய பழக்கம். ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் சேர்த்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 98 விழுக்காடு, 60 மி.லி. சேர்த்தால் அது 94 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஜெட்டின் துளை மாறாத நிலையில், அதன் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆயில் கூடிய கலவை தடித்திருப்பதால் ஓட்டமும் சற்று மந்தமாகிறது. அதாவது, மெலிந்த கலவையால் பிடித்த எஞ்சினுக்கு ஆயிலைக் கூட்டினால் கலவை மேலும் மெலிகிறது. இதனோடு இன்றைய பெட்ரோலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எத்தனால் தன் எடையைப் போல ஏறத்தாழ 9 மடங்கு காற்றோடு எரிவது. பெட்ரோலுக்கு அந்த அளவு 14.7. ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளை, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக ஜெட் அமைத்த கார்பரேட்டரில் ஊற்றினால், கலவை தானாகவே சில விழுக்காடு மெலியும். இந்த இரண்டும் எஞ்சினைத் தனித்து நின்று பிடிக்க வைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சீல் வழியாக நுழைந்த காற்றோடு சேர்ந்தபோது எஞ்சினுக்குத் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று.

கிராங்க் அறையின் கூடான கிராங்க்கேஸைப் பிரிப்பதற்கு முன் ஒரு நடைமுறைச் செய்தி. எஞ்சின் எண் கிராங்க்கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரிங் உட்காரும் குழி தளர்ந்திருந்தால் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் வேறு கிராங்க்கேஸை வாங்கி மாட்டலாம் என்ற யோசனை எளிதில் வரும். மாட்டிவிட்டால் ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் வேறாகிவிடும். எனவே இருக்கும் கேஸைக் காப்பாற்றுவதில்தான் கவனம் செலுத்த வேண்டும். கிளட்ச் கூடு, பிரைமரி கியர், கிக்கர் பாகங்கள் ஆகியவற்றை எடுத்தபின், கேஸின் போல்ட்டுகளை அட்டையில் வரைந்த படத்தில் அதனதன் இடத்தில் செருகி வைத்தோம். நீளம் மாறிய போல்ட் ஒன்று தவறான துளையில் ஏறினால் அலுமினியம் வெடிக்கும். இரு பாதிகளையும் பிரிக்கத் திருப்புளியைச் செருகி நெம்புவது எங்கும் காணக்கூடிய வழக்கம். அப்படி நெம்பிய கேஸில் சேரும் முகம் கீறப்பட்டு, புதிய கசிவுக்கு வழி பிறக்கும். புல்லரைப் பொருத்தி, கேஸின் ஓரங்களை மரச் சுத்தியால் தட்டித் தட்டி விலக்கினோம்.

கிராங்க் அறையின் அடியில் பழுப்பு நிறச் சேறு மெல்லிய படலமாகக் காய்ந்து கிடந்தது. இடப்பக்கப் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிச் சுழற்றியபோது மணல் அரைபடும் ஓசை வந்தது. பேரிங்கின் கூண்டை உடைத்துக் குண்டுகளை எடுத்துப் பார்த்ததில், உள்வளையத்தின் பாதையில் துருக் குழிகள் வரிசையாக இருந்தன. ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு, ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் உள்ள தொலைவேதான். ஓடித் தேய்ந்த பேரிங்கில் தேய்மானம் பாதை முழுதும் பரவியிருக்கும். குண்டுகள் நிற்கும் இடைவெளிக்கு ஒத்தபடி குழி விழுந்தால், பேரிங் அசையாமல் நின்ற நிலையில் நீரோடு இருந்திருக்கிறது என்று பொருள். பழுதின் தொடக்கம் 2023 டிசம்பருக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளத்துக்குப் பின் கியர் ஆயிலைப் பலமுறை மாற்றியும் இது எப்படி நடந்தது என்று மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. கியர்பாக்ஸின் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் கியர்பாக்ஸில் உள்ள நீர்தான் வரும்; கிராங்க் அறை அதிலிருந்து சீலால் பிரிக்கப்பட்ட வேறொரு அறை. அங்கே புகுந்த நீர், சைலன்சர் வழியாகவும் கார்பரேட்டர் வழியாகவும் வந்தது; வெளியேற வழி எதுவும் இல்லாமல் தங்கியது. அந்த அறையின் பேரிங்குகளுக்குக் கியர் ஆயிலின் துணையும் கிடையாது. பெட்ரோலோடு வரும் ஆயில் துளிகளே அவற்றுக்கு உயவு. வெள்ளத்தில் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கிக்கர் அடித்துப் பார்க்காமல், பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சாய்த்து நீரை வடித்து, டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றி, மெல்லச் சுழற்றிக் கழுவி எடுத்தால், பேரிங்குகளைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பும் குறைகிறது.

கிராங்க்கின் கதி அவ்வளவு மோசமில்லை. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை நேர்மேலே இழுத்தும் தள்ளியும் பார்த்ததில், அதன் கீழ் முனையான பிக் எண்டில் தட்டல் இல்லை; ஆனால் ராடின் மேல் முனை பக்கவாட்டில் ஆடும் அளவு, பொதுவாக ஏற்கப்படும் 2 மி.மீ. எல்லையைத் தொட்டுவிட்டது. பிரித்த எஞ்சினில் அதை விட்டுவைப்பது கஞ்சத்தனம். ராட் கிட்டை மாற்றும் வேலை மட்டும் வீட்டில் ஆகாது. கிராங்க்கின் இரு தட்டுகளையும் பிரஸ்ஸில் பிரித்து, புதிய பின்னை ஏற்றி, திரும்பவும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். லேத் பட்டறைப் பெரியவர் பித்தளைச் சுத்தியால் தட்டுகளின் விளிம்பில் ஓர் அடி, டயலில் ஒரு பார்வை, மீண்டும் ஓர் அடி என்று, தண்டின் இரு முனைகளிலும் முள்ளின் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் வரும்வரை விடவில்லை. போருக்கும் அவரிடமே பிளாக்கைக் கொடுத்தேன். பிஸ்டனைப் பிறகு தரலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடையை அப்படியே தருகிறேன்: “பிஸ்டன் கையில இல்லாம போர் போடச் சொல்லாதீங்க தம்பி. பெட்டி மேல 0.75-ன்னு போட்டிருப்பான், உள்ள இருக்கிறது வேற சொல்லும்.”

அவர் சொன்னது மிகையல்ல. உதிரிபாகங்கள் விற்கும் ஜி.பி. சாலைக் கடைகளில் ஒரே அளவுக் குறியோடு கிடைக்கும் பிஸ்டன்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு நுண்ணிய அளவில் வேறுபடுகின்றன. போலிகளும் கலந்து கிடக்கின்றன. பிஸ்டனின் அடியிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவோடு மி.மீ.யில் நூற்றில் நான்கு முதல் ஐந்து பங்கு கூட்டியே துளையை முடிக்க வேண்டும். இந்த வகைக் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு அந்த இடைவெளி தேவை. அதைக் குறைத்தால் இறுக்கமான போர் நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கை, எஞ்சின் ஒருமுறை சூடேறும்வரைதான் நிற்கும். டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் மறக்கக்கூடாத இன்னொன்று, போர் போட்டபின் சைலன்சர் வாய், பக்கவாட்டு வாய்கள் ஆகியவற்றின் கூரிய விளிம்புகளைச் சரிவாக மழுக்குவது. அதைச் செய்யாவிட்டால் ரிங் அந்த விளிம்பில் மாட்டி ஒடியும். கடைந்த துளையைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முடிந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் அலசினால் போதாது. சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத நிலை வந்தபின், இரும்பு துருவேறும் முன்னரே ஆயிலைத் தடவி வைக்க வேண்டும். ரிங்கைத் துளைக்குள் நேராக இறக்கி ஃபீலர் கேஜால் அளந்ததில் வாய் இடைவெளி 0.20 மி.மீ. இருந்தது, 0.15 முதல் 0.35 வரை ஏற்கத்தக்கது.

பேரிங்குகளை வாங்கும்போது வளையத்தில் பொறித்த எண் மட்டுமன்றி அதன் பின்னொட்டும் பழையதோடு பொருந்த வேண்டும். கிராங்க்குக்கு வெப்பத்தில் விரிய இடம் தரும் சி3 வகையே உரியது. அவற்றைச் சுத்தியால் அடித்து ஏற்றுவதற்குப் பதில், முந்தின இரவே நெகிழிப் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தோம். வீட்டில் அனுமதி கிடைப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்று சொல்லலாம். கிராங்க்கேஸை மின் அடுப்பின்மேல் மெதுவாகச் சூடாக்கி, அதன்மேல் தெறித்த நீர்த்துளி சுரீரென்று ஆவியாகும் பதத்தில், பேரிங்கை எடுத்துக் குழியின்மேல் நேராக விட்டதும் அது அழுத்தம் தேவையின்றி அடிவரை இறங்கியது. கேஸ் ஆறியபின் குழி பேரிங்கை இறுகப் பற்றிக்கொண்டது. குழியே தளர்ந்திருந்தால் இந்தப் பற்று கிடைத்திராது. கேஸ் பிழைத்தது என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

இடப்பக்கச் சீல் உரசும் இடத்தில் தண்டின்மேல் மெல்லிய பள்ளம் ஒன்று நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு விழுந்திருந்தது. அதற்காகக் கிராங்க்கையே மாற்ற வேண்டியதில்லை. புதிய சீலை முன்பிருந்த ஆழத்திலிருந்து அரை மி.மீ. தள்ளி உட்கார வைத்ததில், உதடு தேயாத பரப்பில் பட்டது. சீலின் உட்புறச் சுருளில் சிறிது கிரீஸ் தடவினோம். உலர்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகிவிடும். கேஸின் இரு முகங்களிலும் அனபாண்ட் பசையை விரல் நுனியால் மெல்லிய படலமாகவே தேய்த்தோம். பிதுங்கும் அளவுக்குப் பூசினால் உள்ளே பிதுங்கியது உடைந்து ரீட் வால்விலோ பேரிங்கிலோ போய்ச் சேரும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங்கின் வாய் அதன் சிறு ஆணியின் மேல், பிஸ்டன் பின்னை நிறுத்தும் சர்க்ளிப்பின் திறந்த வாய் மேலோ கீழோ பார்த்தபடி என்று மேல்பாகம் ஏறியது. ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக, டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்.

மேக்னெட்டு மூடியை மாட்டுவதற்கு முன், கார்பரேட்டரும் சைலன்சரும் ஏறுவதற்கு முன், அதே பழைய கருவியால் மீண்டும் காற்றடித்துப் பார்த்தோம். முள் 300-இல் ஏறி நின்றது. நிமிடம் கடந்தும் கண்ணுக்குத் தெரிந்த இறக்கம் இல்லை. தண்டின் முனையைத் தூக்கியும் அழுத்தியும் பார்த்ததில் அசைவும் இல்லை, நுரையும் இல்லை. சீல்கள் அழுத்தத்தை மட்டுமன்றி உறிஞ்சலையும் தாங்க வேண்டும் என்பதால், குமிழைத் திருப்பி உள்ளிருந்து காற்றை இழுத்தும் ஒருமுறை சரிபார்த்தோம்.

கார்பரேட்டரில் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டினோம். எத்தனாலுக்கான ஈடு அது. ஆயிலை லிட்டருக்கு 30 மி.லி. என்று வைத்தோம். முதல் கிக்கிலிருந்தே சுற்று, ஆக்சிலேட்டரை விட்ட உடன் இறங்கியது. ஐடில் சூட்டிலும் குளிரிலும் ஒரே இடத்தில் நின்றது. ரன்னிங் இன் காலத்தில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி, இடையிடையே ஆற விட்டு ஓட்டும்படி மைத்துனரிடம் சொல்லியிருந்தேன். பெட்ரோலோடு ஆயில் வரும் வண்டியில், வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி, கியரிலேயே இழுபட விட்டால் பிஸ்டனுக்கு ஆயிலும் நின்றுவிடும் என்பதையும் சொன்னேன். அப்போது கிளட்ச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ரன்னிங் இன் முடிந்தபின் முன்பு பிடித்த அதே சாலையில், அதே சீரான வேகத்தில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரத்தில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில், மூக்கு வெளிர்பழுப்பாக இருந்தது. சைலன்சரைக் கழற்றி வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது பிஸ்டனில் இழுபட்ட கோடு இல்லை. ஹெட் நட்டுகளை ஆறிய நிலையில் மறுபடி இறுக்கிச் சரிபார்த்தோம். இரண்டாம் கியரின் பற்கள் முனையில் சற்று உருண்டிருப்பது பிரித்தபோதே தெரிந்தது; கியர் நழுவாததால் அதை இப்போது மாற்றவில்லை. பிளாக்கில் இனி மீதமிருப்பது 1.00 என்ற கடைசி ஓவர்சைஸ் மட்டுமே. அதுவும் தீர்ந்தால் பிளாக்குக்குள் புதிய உள்குழாயான ஸ்லீவ் அடிக்க வேண்டியிருக்கும்.